வீட்டுச் சாவிக்கொத்தும் கடவுச்சொற்களும்

முன்னாளில் ஒரு குடும்பத்தின் உடைமைகள் யாவும் ஒரு சாவிக்கொத்தில் அடங்கின. தலைவாயில் சாவி, நெல் வைத்திருந்த அறையின் சாவி, பத்திரங்களும் நகைகளும் இருந்த இரும்புப் பெட்டியின் சாவி என நான்கைந்து சாவிகளே இருந்தன. அந்தக் கொத்து எங்கே தொங்குகிறது, வீட்டுப் பெரியவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அது யார் கையில் சேரவேண்டும் என்பதை வீட்டார் அறிந்திருந்தனர். இன்றோ நம் குடும்பங்களின் உடைமைகளுள் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளில் இருக்கிறது. வங்கிக் கணக்கு, மின்கட்டணம், இரயில் முன்பதிவு, வருமான வரி, வருங்கால வைப்பு நிதி, பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பம், வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பும் படங்கள் வந்து சேரும் மின்னஞ்சல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல் உண்டு. இந்தச் சாவிக்கொத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை கூற இயலாது.

இவற்றைக் காப்பதற்கெனவே கணினியிலும் கைப்பேசியிலும் இயங்கும் செயலிகள் உள்ளன. பாஸ்வேர்டு மேனேஜர் என வழங்கும் இவற்றை நாம் கடவுச்சொற் பெட்டகம் எனக் குறிப்போம. இப்பெட்டகங்களுள்ளும் ஓப்பன் சோர்ஸ் எனப்படும் திறந்த மூலநிரல் வகையைச் சேர்ந்தவற்றைக் குடும்பங்கள் தேர்ந்துகொள்வது நலம் என்பது நம் கருத்து. அதற்குரிய காரணங்களையும், தேர்ந்தெடுக்கும் முறையையும், வீட்டில் அதனைக் கையாளும் நெறியையும் இங்குக் காண்போம்.

பல பூட்டுகளுக்கு ஒரே சாவி

கணினியில் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் வேரூன்றியது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலம் அது. ஒருவர் கோப்பை மற்றொருவர் காணாதிருக்கும் பொருட்டு, ஃபெர்னான்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இம்முறையைக் கையாண்டனர். 1962-இல் அங்கே ஆராய்ச்சி மாணவராயிருந்த ஒருவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், அனைவருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பிறந்த சூட்டிலேயே கடவுச்சொல் களவு போயிற்று என்பது வியப்புக்குரிய செய்தியன்றோ?

அன்று ஒருவருக்கு ஒரு சொல்லே இருந்தது. இன்று சாதாரணக் குடும்பத் தலைவர் ஒருவருக்கு முப்பது, நாற்பது சொற்கள் சேர்ந்துவிடுகின்றன. அவை அனைத்தும் நீளமாயும் வெவ்வேறாயும் இருத்தல் வேண்டும் எனில், மனித நினைவு அதனைத் தாங்காது. ஆதலின் மக்கள் எளிய வழியை நாடுகின்றனர். 2009-ஆம் ஆண்டில் ராக்யூ என்னும் நிறுவனத்தின் கணினியிலிருந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. எவ்வித மறைப்பும் இன்றி அங்கே அவை எழுதி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஆராய்ந்தபோது, மிகப் பலர் வைத்திருந்த சொல் 123456 என்பதே எனக் கண்டனர். நம் வீடுகளிலோ பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும், திருமண நாள், பாதுகாவல் புனிதரின் பெயர் என்பனவே கடவுச்சொற்களாய் விளங்குகின்றன. நம்மை அறிந்த எவரும் ஊகித்துவிடக் கூடியவை இவை.

இதனினும் பெரிய தீங்கு, ஒரே சொல்லை எல்லா இடங்களிலும் வைப்பதாகும். என்றோ ஒருநாள் சேலை வாங்கிய ஏதோ ஒரு கடையின் தளத்தில் கொடுத்த சொல் களவு போகிறது. திருடர்கள் அதனை மின்னஞ்சல், வங்கி முதலிய நூறு இடங்களில் இயந்திரத்தின் உதவியால் செலுத்திப் பார்க்கின்றனர். மின்னஞ்சல் திறந்துவிட்டால் போதும். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று தெரிவித்து, மற்ற கணக்குகளுக்கும் புதிய சொற்களை அவர்களே பெற்றுக்கொள்வர். கடைத்தெருவில் தொலைந்த சாவி நம் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறக்கும் கதை இது.

பெட்டகம் ஆற்றும் பணி

கடவுச்சொற் பெட்டகம் மூன்று பணிகளைச் செய்கிறது. முதலாவது, எல்லாச் சொற்களையும் மறையாக்கம் செய்து, பிறர் படிக்கவியலாத உருவில் காக்கிறது. இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஏ.இ.எஸ். என்னும் முறை. பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவர் வகுத்த இதனை, உலகறிய நடந்த போட்டி ஒன்றின் முடிவில், 2001-இல் அமெரிக்க அரசு தன் தர நெறியாக ஏற்றது. இரண்டாவது, ஒவ்வொரு தளத்திற்கும் எவரும் ஊகிக்க இயலாத நீண்ட சொல்லைப் பெட்டகமே உண்டாக்கித் தருகிறது. அதனை நாம் நினைவில் வைக்க வேண்டுவதில்லை. மூன்றாவது, தளத்தின் முகவரியைச் சரிபார்த்த பின்னரே உலாவியில் சொல்லை நிரப்ப முன்வருகிறது. வங்கித் தளம் போலவே தோற்றமளிக்கும் போலித் தளம் நம் கண்ணை ஏமாற்றலாம். முகவரியில் ஓர் எழுத்து மாறினும் பெட்டகம் வாய் திறவாது. வழக்கமாக நிரப்பும் பெட்டகம் ஒரு தளத்தில் வாளாவிருந்தால், அங்கே நின்று முகவரியை உற்று நோக்குதல் அறிவுடைமை.

நாம் செய்யவேண்டியது தலைமைக் கடவுச்சொல் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதே.

"எங்கள் வீட்டில் ஒரு குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறோமே, அது போதாதோ?" எனச் சிலர் வினவக்கூடும். அதனை இகழ்வதற்கில்லை. தொலைதூரத்திலிருந்து திருடுவோன் நம் அலமாரியைத் திறக்க முடியாது. எனினும் குறிப்பேடு வலிய சொல்லை உண்டாக்கித் தராது. போலித் தளத்தை இனங்காணாது. பயணத்தில் உடன் வராது. வீட்டிற்கு வந்துபோகும் எவர் கண்ணிலும் படும். மழைநீர் புகுந்தால் அதற்கு மறுபடியும் இல்லை.

பூட்டின் அமைப்பு வெளிப்படை, சாவி மட்டும் இரகசியம்

எல்லாச் சாவிகளையும் ஒரே பெட்டகத்தில் வைப்பதாயின், அந்தப் பெட்டகத்தை எவ்வாறு நம்புவது? இதுவே நம் கட்டுரையின் தலையாய வினா.

அகஸ்த் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழியறிஞர் 1883-இல் இராணுவ மறைமொழி பற்றி எழுதியபோது ஒரு நெறியை வகுத்தார். மறையாக்கும் கருவியின் அமைப்புப் பகைவர் கையில் சிக்கினாலும் கேடு விளையலாகாது. சாவி ஒன்றே இரகசியமாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அமைப்பை மறைத்து வைப்பதால் மட்டும் பாதுகாப்பெனக் கருதப்படும் பூட்டு, அந்த அமைப்பு வெளிப்படும் நாளில் பயனற்றதாகிவிடும். இன்றளவும் மறையாக்கவியலின் அடிப்படையாய் விளங்குவது இந்நெறியே.

திறந்த மூலநிரல் என்பது இந்நெறிக்கு முற்றிலும் இசைவானது. செயலி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கூறும் நிரல் வரிகள் அனைத்தையும் ஆக்கியோர் உலகறிய வெளியிடுகின்றனர். கற்றோர் எவரும் அதனைப் படிக்கலாம், குறை காணலாம், உரிம நெறிக்குட்பட்டுத் திருத்தி வெளியிடலாம். நம் கடவுச்சொற்கள் வெளியாவதில்லை. அவற்றைக் காக்கும் பூட்டின் வரைபடமே வெளியாகிறது. நமக்கு அவ்வரைபடத்தைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். பங்கின் ஆண்டுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்போது, ஒவ்வொருவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. எவரும் கூட்டிப் பார்க்கலாம் என்னும் நிலையே கணக்கெழுதுவோரை விழிப்புடன் இருக்கச் செய்கிறது.

மூடிய நிரலின் இடர்ப்பாட்டை 2022-இல் உலகம் கண்டது. பெயர்பெற்ற லாஸ்ட்பாஸ் என்னும் பெட்டகச் சேவையின் சேமிப்பிலிருந்து, வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளைத் திருடர்கள் எடுத்துச் சென்றனர். கடவுச்சொற்கள் மறையாக்கத்தில் இருந்தன. ஆயினும் எந்தெந்தத் தளங்களில் கணக்கு உண்டு என்னும் முகவரிகள் மறைக்கப்படாமல் இருந்தன என்பது, வாடிக்கையாளர் பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. எளிய தலைமைச் சொல் வைத்திருந்தோர், தம் சொற்கள் அனைத்தையும் மாற்ற வேண்டிய நிலைக்கு உள்ளாயினர்.

அதேவேளையில், திறந்தது யாவும் குறையற்றது எனக் கொள்வது பேதைமை. இணையத் தளங்கள் பலவற்றைக் காத்துவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த நிரலில், 2012-இல் புகுந்த பெரும் பிழை ஒன்று 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கதவு திறந்திருந்தும் உள்ளே பார்ப்பார் இல்லை! ஆகவே நிரல் திறந்திருத்தல் மட்டும் போதாது. அதனைத் தகுதியுடையோர் ஆராய்ந்தும் இருக்கவேண்டும்.

இக்கருத்துகளை உளங்கொண்டு, ஒரு பெட்டகத்தைத் தேருமுன் நான்கு வினாக்களை எழுப்புவோமாக. நிரல் முழுவதும் வெளியிடப்பட்டுள்ளதா? வெளியார் ஆய்வு செய்து, அவ்வாய்வின் முடிவு வெளியிடப்பட்டுள்ளதா? இன்றும் ஆக்கியோர் அதனைப் பேணித் திருத்தி வருகின்றனரா? நாளை நாம் விலக விரும்பினால், நம் சொற்களை முழுமையாக வெளியே எடுத்துச் செல்ல வழி உண்டா? நான்கிற்கும் ஆம் என விடை வந்தால், துணிந்து ஏற்கலாம்.

குடும்பங்களுக்கு ஏற்ற இரண்டு

இவ்வினாக்களுக்குத் தக்க விடை தருவனவற்றுள், அன்றாடப் பயனுக்கு இரண்டு வழிகளை எடுத்துரைப்போம்.

முதலாவது கீபாஸ் குடும்பம். டொமினிக் ரைக்கல் என்னும் ஜெர்மானியர் 2003-இல் வெளியிட்ட கீபாஸ் இதன் மூதாதை. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் செலவில் இதன் நிரலை ஆய்வு செய்வித்தது. மிகக் கடுமையான குறை எதுவும் காணப்படவில்லை. 2023-இல் வெளியார் ஒருவர், தலைமைச் சொல்லின் எழுத்துகள் கணினியின் நினைவகத்தில் தங்கிவிடும் குறையொன்றைக் கண்டுரைத்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே திருத்திய பதிப்பு வெளிவந்தது. குறை கண்டதும், அதனை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டதும், திருத்தியதும் ஊரறிய நிகழ்ந்தன.

இக்குடும்பத்தில் இன்று கணினிக்கு மிகவும் ஏற்றது கீபாஸ் எக்ஸ்.சி. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் அது இயங்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குக் கீபாஸ் டி.எக்ஸ்., ஐபோனுக்குக் கீபாசியம் ஆகியன உள்ளன. இவற்றில் நம் சொற்கள் அனைத்தும் ஒரே கோப்பில் அடங்கும். அக்கோப்பு நம் கணினியிலேயே இருக்கும், எந்த நிறுவனத்திடமும் கணக்குத் தொடங்க வேண்டுவதில்லை, கட்டணமும் இல்லை. பென் டிரைவில் படியெடுத்து வைக்கலாம். ஆனால் காவற்பொறுப்பு முழுவதும் நம்முடையது. கோப்புத் தொலைந்து, படியும் இல்லையெனில், மீட்டுத் தருவார் எவருமிலர். கணினியில் ஒரு சொல்லை மாற்றினால், கைப்பேசியிலுள்ள படியையும் நாமே புதுப்பித்தல் வேண்டும். ஒரே கணினியில் வேலை செய்வோருக்கும், சிறு அலுவலகங்களுக்கும், தம் பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விழைவோருக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது பிட்வார்டன். அமெரிக்காவில் கைல் ஸ்பீரின் என்பார் 2016-இல் தொடங்கியது இது. இதில் நம் பெட்டகம், நம் கருவியிலேயே மறையாக்கம் பெற்ற பின்னரே நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறது. ஆதலால் அங்குள்ளோரும் அதனைப் படிக்க இயலாது. கைப்பேசியில் சேர்த்த சொல் கணினியிலும் தானே வந்து சேரும். கட்டணமில்லாத் திட்டத்திலேயே எத்தனை சொற்களையும் எத்தனை கருவிகளிலும் வைத்துக்கொள்ளலாம். கணவனும் மனைவியுமாக இருவர், மின்கட்டணம் போன்ற பொதுச் சொற்களைப் பகிர்ந்துகொள்ளவும் வழி உண்டு. 2018 முதல் வெளியார் ஆய்வுகளுக்கு இது உட்பட்டு வருகிறது, முடிவுகளும் வெளியிடப்படுகின்றன. 2024 அக்டோபரில் இதன் ஒரு பகுதிக்குரிய உரிம வாசகம் திறந்த நெறிக்கு ஒவ்வாது எனப் பயனர்கள் சுட்டிக்காட்ட, நிறுவனம் அவ்வுரிமத்தைத் திறந்த நெறிக்கு மாற்றியது. பலர் கண் பார்த்திருப்பதன் பயன் இதுவே.

வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி உள்ள குடும்பங்களுக்குப் பிட்வார்டனே எளிது என்போம். அதிலிருந்து சொற்களை ஒரு கோப்பாக வெளியே எடுக்கலாம். கடவுச்சொல்லிட்டு மறையாக்கிய வடிவில் அதனை எடுத்து, ஆண்டுக்கு இருமுறையேனும் பென் டிரைவில் காத்து வைத்தல் நன்று.

தலைமைக் கடவுச்சொல்

பெட்டகத்தின் வலிமை எல்லாம் இந்த ஒரு சொல்லில் நிற்கிறது. ஒற்றைச் சொல்லைக் காட்டிலும், தொடர்பற்ற சொற்கள் பலவற்றின் வரிசை நினைவிற்கு எளிது, திருடனுக்கு அரிது. 1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பார் பகடை உருட்டிச் சொல் தேரும் முறையை வெளியிட்டார். பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 சொற்கள் அடங்கிய பட்டியலில் ஒரு சொல் கிட்டும். இவ்வாறு ஆறு சொற்களைத் தேர்ந்தால், அமையக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை 2-க்குப் பின் இருபத்துமூன்று சுழிகள் இட்ட எண்ணையும் விஞ்சும்.

நாம் விரும்பிய பாடலின் அடியோ, திருமறை வசனமோ இதற்கு உதவா. அறிந்த வரிகளையே திருடரும் முதலில் முயல்வர். முருங்கை, படகு, தாழ்ப்பாள், நத்தை, வெள்ளி, கூரை என ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களே வேண்டும். அவற்றைத் தமிழ் ஒலியிலேயே ஆங்கில எழுத்துகளால் எழுதிக்கொள்ளலாம். நாம் இங்கு அச்சிட்ட வரிசையை எவரும் வைத்துக்கொள்ள வேண்டா! சொற்களை மனம்போன போக்கில் எடுக்காமல், பகடையாலோ, பெட்டகமே உண்டாக்கித் தரும் வசதியாலோ தேர்வதே முறை.

இதனை மாதந்தோறும் மாற்ற வேண்டுமோ என்னும் ஐயம் எழலாம். கால இடைவெளியில் கட்டாயமாக மாற்றச் செய்வதால் மக்கள் எளிய சொற்களையே நாடுகின்றனர் எனக் கண்டு, அமெரிக்கத் தர நிறுவனம் 2017-இல் அந்த விதியைக் கைவிட்டது. களவு போனதெனத் தெரிந்தாலோ, ஐயம் பிறந்தாலோ மாற்றினால் போதும்.

குடும்பத்தாரிடம் ஒப்படைத்தல்

நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது இப்பகுதியே. நல்ல பெட்டகத்தைத் தேர்ந்து, வலிய தலைமைச் சொல் வைத்து, அதனைத் தம் நெஞ்சில் மட்டும் பூட்டிக்கொண்ட குடும்பத் தலைவர் ஒருவர் திடீரென நோயுற்றால் என்னாகும்? இப்பெட்டகங்களில் தலைமைச் சொல்லை மறந்தோருக்கு மறுவழி காட்டுவார் இல்லை. காப்பீட்டுத் தவணை எந்நாள் என்பதும், எந்தெந்த வங்கியில் கணக்கு உண்டு என்பதும் மனைவிக்குத் தெரியாமற் போகும். பிள்ளைகளின் குழந்தைப் பருவப் படங்கள்கூடத் திறவாத கதவுக்குப் பின்னே நின்றுவிடும். துயரத்தின்மேல் துயரமாக இதனைச் சுமத்தலாமா?

ஆகவே தலைமைச் சொல்லைத் தெளிவாக ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பெட்டகம், அதன் கோப்பு எங்கே உள்ளது, எந்த மின்னஞ்சலில் கணக்கு என்பவற்றையும் குறியுங்கள். உறையிலிட்டு ஒட்டி, நிலப் பத்திரங்கள் இருக்குமிடத்தில் வைத்து, அதன் இருப்பிடத்தைக் கணவனோ மனைவியோ, முதிர்ந்த பிள்ளை ஒருவரோ அறியச் செய்யுங்கள். பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில், நாம் குறித்த ஒருவர் வேண்டுகோள் விடுத்து, நாம் வகுத்த நாட்கள் கழியும்வரை மறுப்பு வராவிடில், அவருக்குப் பெட்டகம் திறக்கும் ஏற்பாடும் உண்டு.

ஒன்றை மறத்தல் ஆகாது. இறந்தவரின் கணக்கில் அவருடைய கடவுச்சொல்லைக் கொண்டு பணம் எடுப்பது முறையன்று. நியமனதாரர் வழியாகவோ, வாரிசு வழியாகவோ வங்கியில் பெறுவதே சட்டநெறி. எத்தகைய உடைமைகள் உள்ளன என்பதை அறிவதற்கே பெட்டகம் உதவும். ஆதலின் எல்லாக் கணக்குகளிலும் நியமனதாரர் பெயர் உள்ளதா என்பதையும் இவ்வேளையில் பார்த்துக்கொள்வது நலம்.

வளர்ந்த பிள்ளைகளுக்கும் வயது முதிர்ந்த பெற்றோருக்கும் தனித்தனிப் பெட்டகம் அமைத்துத் தருதல் வேண்டும். உதவி செய்கிறோம் என்று மூத்தோரின் சொற்களை எல்லாம் தம் கைக்குள் கொண்டுவருவது அவர்தம் மாண்பைக் குறைப்பதாகும். பொறுமையோடு அருகிருந்து கற்றுத் தருவோம்.

கருத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள்

பெட்டகச் செயலியை அதன் உரிய தளத்திலிருந்தோ, கைப்பேசியின் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்தோ மட்டுமே பெறவேண்டும். 2023-இல் கூகுள் தேடலில் கீபாஸ் பெயரால் போலி விளம்பரம் தோன்றி, தீய நிரலைப் பரப்பியது. தேடலில் முதலில் தென்படுவது உண்மையானதாய் இருக்கவேண்டும் என்பதில்லை.

கம்ப்யூட்டர் சென்டர் போன்ற பொது இடங்களிலுள்ள கணினியில் பெட்டகத்தைத் திறக்கவே வேண்டா. தட்டச்சிடும் எழுத்துகளைத் திருடும் நிரல் அங்கே இருக்கக்கூடும்.

ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண்ணும், யு.பி.ஐ. எண்ணும் நினைவில் இருக்கட்டும். தொலைபேசியில் கேட்பவருக்கு ஓ.டி.பி. எண்ணைக் கூறிவிட்டால் எந்தப் பெட்டகமும் காப்பாற்றாது. பண மோசடிக்கு உள்ளானோர் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும், கடவுச்சொல்லுடன் இரண்டாவது சரிபார்ப்பையும் இயக்கி வைத்தல் இன்றியமையாதது.

தொடங்குவது எவ்வாறு?

நாற்பது சொற்களையும் ஒரே நாளில் மாற்ற முயன்று சலிப்புற வேண்டா. முதல் நாள் பெட்டகத்தை அமைத்து, தலைமைச் சொல்லைத் தேர்ந்து, உறையில் எழுதி வையுங்கள். அடுத்து மின்னஞ்சலின் சொல்லை மாற்றுங்கள். பிற கணக்குகள் அனைத்திற்கும் அதுவே வாயில். பிறகு வங்கி, வரி, காப்பீடு. எஞ்சியவற்றை அவ்வப்போது அத்தளங்களுக்குச் செல்லும் வேளைகளில் ஒவ்வொன்றாய் மாற்றிக்கொள்ளலாம். முதல் வாரங்களில் தலைமைச் சொல்லை நாள்தோறும் ஒருமுறை தட்டச்சிட்டால், அது விரலிலும் நினைவிலும் பதிந்துவிடும்.

ஓய்வாய் இருக்கும் ஒரு மாலைப்பொழுதில், கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து இப்பணியைத் தொடங்கலாம். இளையோருக்குக் கருவியின் நுட்பம் தெரியும். மூத்தோருக்கு எதனைக் காக்கவேண்டும் என்பது தெரியும். இருவர் அறிவும் சேர்ந்தால் வேலை எளிதாய் முடியும். முதற்பணியாக அந்த உறை எழுதப்படட்டும்.